உப்புத் தண்ணீர் வீட்டுக்கு எந்தக் குளியலறை? டைல்ஸ், கல், கண்ணாடி, ஷவர்: ஓர் ஒப்பீடு

மதுரை திருநகரில் எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துத் திரும்பக் கட்டி எட்டு மாதம் ஆகிறது. ஐந்தடிக்கு எட்டடி அறை. பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் அடித்த மூன்றாம் மாதமே பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததால்தான் இந்த வேலையில் இறங்கினோம்.

டைல்ஸ் கடைக்குப் போனால் முதலில் பட்ஜெட் கேட்பார்கள், அப்புறம் கலர் கேட்பார்கள். அதற்கு முன்பே நாம் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்: அந்த ஷவரில் வரப்போவது எந்தத் தண்ணீர்? மாநகராட்சிக் குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துவிடுகிறோம். குளிப்பது பெரும்பாலும் போர்த் தண்ணீரில்தான். எங்கள் போர்த் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) முக்கினால் 1,400 காட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. எங்கள் தண்ணீரில் குளித்துவிடலாம். ஆனால் அது காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தேய்க்க ஆசிட் வாங்குவோம். ஆசிட்டுக்கு எந்தப் பொருள் தாங்கும், எது தாங்காது என்று பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். மீதிப் பாதியைக் குளிக்கிறவர்களில் மூத்தவரின் கால் முடிவு செய்யும். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பவர்.

தரைக்கு எது?

எங்கள் முன்னால் ஐந்து இருந்தன: செராமிக் டைல், விட்ரிஃபைடு டைல், மேலூர்ப் பக்கத்துக் கிரானைட், கடப்பாக் கல், ஆத்தங்குடி டைல்.

ஆத்தங்குடி மேல் எனக்கு ஆசை அதிகம். காரைக்குடிப் பக்கத்தில், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமெண்ட் கலவையை ஊற்றிக் கையால் செய்கிற டைல் அது. சூளையில் சுடுவதில்லை. கூடத்தில் போட்டு வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்துப் பழக்கினால் அதன் மினுமினுப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் உடம்பு முழுக்க சிமெண்ட். நீர் உறிஞ்சும், எண்ணெயைக் குடிக்கும், ஆசிட் ஒரு சொட்டுப் பட்டாலும் அரித்துவிடும். குளிக்கிற இடத்துக்கு வேண்டாம் என்று மனசில்லாமல் விட்டேன். கடப்பாவுக்கும் அதே கதைதான். அது சுண்ணாம்புக் கல் வகை. சமையலறை மேடையில் புளித்தண்ணீர் பட்ட கடப்பா வெளுத்துப்போயிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

செராமிக்கா, விட்ரிஃபைடா என்பதற்குக் கடையிலேயே ஒரு சோதனை உண்டு. சுவருக்கென்று விற்கிற செராமிக் டைலைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் ஒரு பாட்டில் மூடி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உள்ளே போய், அந்த இடம் கறுத்துவிடும். விட்ரிஃபைடின் முதுகில் அதே தண்ணீர் முத்துப்போல உட்கார்ந்திருக்கும். சுவர் செராமிக் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சும், விட்ரிஃபைடு 0.5 சதவீதத்தைத் தாண்டாது. ஷவர் நேராக அடிக்கும் சுவருக்கும் தரைக்கும் விட்ரிஃபைடு, மற்ற சுவர்களுக்கு செராமிக் என்று பிரித்துக்கொண்டால் காசும் மிச்சம்.

தரையில் பளபளப்பு வேண்டவே வேண்டாம். மேட் ஃபினிஷ் என்று சொன்னால் மட்டும் போதாது, வழுக்காத தன்மைக்கான ஆர் எண்ணைக் கேளுங்கள். ஆர் 9-இல் தொடங்கி ஆர் 13 வரை போகும். எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். ஈரத் தரைக்கு ஆர் 10, ஆர் 11 பொருத்தம். அதற்கு மேல் சொரசொரப்பாக எடுத்தால் அழுக்கு உட்கார்ந்துகொள்ளும், தேய்த்து மாளாது. நான் ஒரு சின்ன புட்டியில் நல்லெண்ணெய் கொண்டுபோய், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சாம்பிள் டைலில் தண்ணீரோடு நாலு சொட்டு விட்டு வெறுங்காலால் ஏறி நின்று பார்த்தேன். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்த இரண்டு டைல்களில் ஒன்று சட்டென்று வழுக்கியது.

கிரானைட்டை நான் சும்மா தள்ளவில்லை. அது ஆசிட்டுக்கு எளிதில் அசையாது, நம் மாவட்டத்துக் கல் என்பதால் வண்டிச் செலவும் குறைவு. பாலிஷ் போட்டது வழுக்கும். தீயில் வாட்டிய ஃபிளேம்டு ஃபினிஷோ லெதர் ஃபினிஷோ எடுக்க வேண்டும். ஒரே பலகையாகப் போட்டால் இணைப்பே இருக்காது. சிக்கல் வாட்டத்தில்தான் வருகிறது. தரை வாட்டம் அடிக்குக் கால் அங்குலமாவது இருக்க வேண்டும். நடுவில் டிரெயின் (தண்ணீர் வெளியேறும் வாய்) வைத்தால் நாலு பக்கமிருந்தும் தரை சரிய வேண்டும். ஒரே பலகை அப்படி வளையாது. ஆகவே முழுப் பலகை வேண்டுமானால் சுவரோரமாக நீள டிரெயின் வைத்து, ஒரே பக்கம் வாட்டம் கொடுங்கள். நடு டிரெயின்தான் என்றால் ஓரடிக்கு ஓரடி டைலோ அதைவிடச் சின்னதோ எடுங்கள். சின்ன டைலில் இணைப்புகள் அதிகம், காலுக்குப் பிடிமானமும் அதிகம். இரண்டுக்கு இரண்டு டைலை நடு டிரெயினுக்கு வெட்டி ஒட்டினால் எங்காவது தண்ணீர் தேங்காமல் இருக்காது.

நாங்கள் ஓரடி விட்ரிஃபைடு, ஆர் 11 போட்டோம்.

ஒட்டுவதும் இணைப்பும்

இங்கேதான் சண்டை. டைல்ஸ் ஒட்ட வந்த அண்ணன், "சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டினாப் போதும் சார், இருபது வருஷமா அப்படித்தான ஒட்டுறோம்" என்றார். "அண்ணே, இது தண்ணி குடிக்காத டைல். பால் எங்க போய்ப் பிடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். பழைய பாத்ரூமில் உடைக்காமல் மிச்சமிருந்த ஒரு டைலைக் கரண்டிக் காம்பால் தட்டினார். டொக் டொக்கென்று உள்ளே காலியாகக் கேட்டது. அடுத்த நாள் அடெசிவ், அதாவது டைல் ஒட்டும் பசைக் கலவை, மூட்டையாக வந்தது. செராமிக்குக்கு சிமெண்ட் பால் பிடிக்கும். விட்ரிஃபைடுக்கு அடெசிவ் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள்.

டைல்களுக்கு நடுவே இருக்கும் இணைப்பை நிரப்புகிற கலவைதான் கிரவுட். அது சிமெண்ட் கிரவுட்டா, பிசின் வகையான எபாக்ஸி கிரவுட்டா? எபாக்ஸி பல மடங்கு விலை. ஆனாலும் உப்புத் தண்ணீர் வீட்டில் ஷவர் பகுதிக்கு எபாக்ஸி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டைலின் மேல் இருக்கும் உப்புக்காக ஊற்றுகிற ஆசிட், பக்கத்தில் இருக்கும் சிமெண்ட் கிரவுட்டைச் சேர்த்துத் தின்கிறது. எங்கள் பழைய குழாயடியில் நகத்தால் சுரண்டியபோது கிரவுட் மாவாக உதிர்ந்தது; அந்தப் பள்ளம் வழியாகத்தான் தண்ணீர் படுக்கையறைச் சுவருக்குப் போயிருக்கிறது. எபாக்ஸியில் ஒரே ஒரு எச்சரிக்கை: நம் ஊர் வெயிலுக்கு அது சீக்கிரம் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பூசியவுடன் ஈர ஸ்பாஞ்சால் துடைக்காவிட்டால் டைல் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். காலை ஏழு மணிக்கே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங்கில் இரண்டு வழி. பூச்சுக் கலவையில் ஒரு திரவத்தைக் கலந்துவிடுவது ஒன்று. பூசிய பிறகு பவுடரும் திரவமும் சேர்ந்த கோட்டிங்கை இரண்டு கை அடிப்பது இன்னொன்று. முதலாவது மட்டும் போதும் என்று முன்பு கட்டியவர் சொன்னதை நம்பியதன் பலன்தான் அந்த ஓதம். கோட்டிங்கைத் தரை முழுக்க, சுவரில் ஓரடி, ஷவர் சுவரில் ஆறடி அடித்தோம். டிரெயின் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டோம். சுவரில் சாக்பீஸால் போட்ட கோட்டை விட்டுத் தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அதன் பிறகுதான் டைல் பெட்டியைப் பிரித்தோம்.

கண்ணாடியா, திரையா, அரைச் சுவரா?

குளிக்கிற இடத்தைப் பிரிக்க 8 அல்லது 10 மில்லிமீட்டர் டஃபன்டு (உறுதியூட்டிய) கண்ணாடி பார்க்க நன்றாக இருக்கும், அறையும் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் யாராவது வைப்பர் இழுக்க வேண்டும். எங்கள் தண்ணீரில் ஒரு வாரம் விட்டால் போதும், பனி படிந்த மாதிரி ஆகிவிடும். நல்ல தண்ணீர் வரும் வீடானால் தாராளமாக வையுங்கள். பிளாஸ்டிக் திரை மலிவு. கீழ் ஓரம் கறுத்ததும் மாற்றிவிடலாம். நாங்கள் நாலடி உயர அரைச் சுவர் எழுப்பி, மேலே ஒரு கிரானைட் துண்டைப் பதித்தோம். எண்ணெய்க் கிண்ணம் வைக்க இடமாயிற்று, அம்மாவுக்கு எழுந்து நிற்கக் கைப்பிடியும் ஆயிற்று.

ஷவர்

கூரையில் அகலமாகத் தொங்கும் ரெயின் ஷவர் எல்லாருக்கும் பிடிக்கிறது. அதற்கு அழுத்தம் வேண்டும். தொட்டி ஷவருக்குப் பத்து மீட்டர் மேலே இருந்தால்தான் ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம். நம் மாடித் தொட்டி பத்தடி உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். தண்ணீர் மழையாகப் பெய்யாமல் சொட்டும். பம்ப் வைக்காமல் வாங்காதீர்கள். தலைப்பகுதியில் சிலிக்கான் காம்புகள் உள்ள கை ஷவர் எடுத்தால், உப்பு அடைத்ததும் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தால் விடும். உலோகத் துளை அடைத்தால் ஊசி எடுத்துக் குத்திக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிட, சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டரா, வெளியே தெரியும் வால் மிக்ஸரா என்றால் எனக்கு வெளியே தெரிவதுதான் சரி. உப்பு ஏறிப் பழுதானால் டைலைத் தொடாமல் கழற்றலாம். வெந்நீர்க் குழாய்க்கு சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக், அதில் பேச்சே இல்லை.

வாளிக் குழாயை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஷவர் வைத்த பல வீடுகளில் அது காணாமல் போகிறது. இருபது லிட்டர் வாளி நிமிர்ந்து நுழையும் உயரத்தில் அதை வைத்தோம். சுவர் வெறும் செங்கலாக இருந்தபோதே அம்மாவை உள்ளே ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னோம். "எந்திரிக்கிற மாதிரி எந்திரிம்மா" என்றேன். சுவரில் அவர் கை தானாகப் போய் ஊன்றிய இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவைத்தேன். கைப்பிடிக் கம்பி இப்போது அந்த வட்டத்தின் மேல்தான் இருக்கிறது.