கோஷர் விருந்தாளிக்கு உணவகமா, டப்பாவா, நம் வீட்டு அடுப்பா?

லண்டனில் இருக்கும் என் கல்லூரித் தோழி இரண்டு முறை சிங்கப்பூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். 2018இல் ஒன்பது நாள், 2023இல் பன்னிரண்டு நாள். யூதர், கோஷர் உணவு, அதாவது யூத மதச் சட்டம் அனுமதிக்கிற உணவு மட்டும்தான் சாப்பிடுவாள். முதல் முறை உணவகமும் டப்பா சாப்பாடுமாக நாட்களைக் கடத்தினோம். இரண்டாம் முறை எங்கள் அடுப்பிலேயே சமைத்தோம். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நண்பரைப் பார்க்க வருகிறவருக்கு நண்பர் வீட்டு அடுப்புதான் சரி. அதற்குக் கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

பன்றி, இறால், நண்டு கிடையாது, இறைச்சியும் பாலும் சேரக்கூடாது என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது வேறு. "நாங்கள் சைவம், எங்கள் வீட்டில் என்ன பயம்?" என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது போதாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உணவகம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது எளிது. வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878இல் கட்டிய மகைன் அபோத் யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. அதே தெருவில்தான் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் இருக்கின்றன. தொழுகைக்கூடத்தை ஒட்டிய ஜேக்கப் பல்லாஸ் மையத்தில் கோஷர் உணவகமும் கடையும் உண்டு. சாப்பாட்டில் சந்தேகமே வேண்டாம், இறைச்சியும் கிடைக்கும். பாரிஸ், ஆண்ட்வெர்ப், லண்டன் கோல்டர்ஸ் கிரீன் போன்ற இடங்களில் இப்படிப் பல கடைகள் அடுத்தடுத்து இருப்பதால், அங்கே நண்பரைப் பார்க்கப் போகிறவர் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் ஒன்றிரண்டு இடம்தான் என்றால் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு பயணம். 2018இல் காலையில் பழம், மதியம் நகரத்துக்கு ரயில், இரவுக்குப் பொட்டலம் என்று ஓடினோம். மூன்றாம் நாளே அவளும் களைத்துவிட்டாள், நானும் களைத்துவிட்டேன். பேச வந்தவளோடு பேசிய நேரத்தைவிட ரயிலில் நின்ற நேரம் அதிகம்.

அடுத்தது டப்பா. விமானத்தில் தருகிற கோஷர் சாப்பாடு இரண்டு உறை போட்டு முத்திரையிட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வழியில் யாரும் திறக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. அந்த இரண்டு உறையும் பிரியாமல் இருந்தால் எந்த வீட்டு ஓவனிலும் சூடாக்கலாம். நாமே வீட்டில் சூடாக்குவதென்றால் அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றினால் போதும். கோஷர் கடையே இல்லாத ஊருக்கு இதுதான் கைகொடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இறைச்சி போன்றவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு, பெட்டி கட்டுவதற்கு முன்பே விதியைப் பார்த்துவிட வேண்டும். விமானச் சாப்பாட்டை முன்பதிவு செய்தால் மட்டும் போதாது, புறப்படும் முன் இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். 2018இல் திரும்பிப் போகும்போது அவளுக்கு எழுதி வைத்த சாப்பாட்டை ஏற்றவே இல்லை. பதின்மூன்று மணி நேரப் பயணம், கையில் நான் கொடுத்த நான்கு வாழைப்பழம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

டப்பாவில் இன்னொரு குறையும் உண்டு. நாங்கள் எல்லாரும் சுடச்சுடத் தோசை சாப்பிட, அவள் மட்டும் பிளாஸ்டிக் கரண்டியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது பழக்கம், குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "நம்ம வீட்டுக்கு வந்த புள்ள டப்பாவுல சாப்பிட்டுட்டுப் போகுதே" என்று இரவெல்லாம் புலம்பினார்.

சமையலறையோடு தனி வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குவது இன்னொரு வழி. நாங்கள் அதை முயலவில்லை. அவள் ஒரு முறை லிஸ்பனில் அப்படித் தங்கியிருக்கிறாள், வசதியாகத்தான் இருந்ததாம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சரியாக வரலாம். நண்பர் வீட்டில் தங்குகிற சந்தோஷம் அதில் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, நம் அடுப்புக்கு வருவோம்.

எல்லாம் பாத்திரத்தில்தான் இருக்கிறது. அரிசி, பருப்பு, காய், பழம் எல்லாம் அதனதன் அளவில் கோஷர்தான். சிக்கல் சூட்டில் தொடங்குகிறது. சூடான பாத்திரம் தான் தொட்ட உணவின் சாரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அடுத்து வைக்கும் உணவுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் என்பது அவர்கள் சட்டத்தின் அடிப்படை. பூண்டு ரசம் வைத்த பாத்திரத்தில் பால் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சைவ வீட்டுப் பாத்திரமும் ஆகாது என்பது இதனால்தான். கடையில் வாங்கும் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பொருள் கலந்திருக்கலாம். அது போக, யூதர் கை படாமல் பிறர் சமைத்த சில உணவுகளுக்கே தடை உண்டு. அந்தச் சமையல் நடந்த பாத்திரத்துக்கும் அதே கதிதான்.

அம்மாவுக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "இதுல என்ன இருக்குது? எங்கூர்ல கறிச்சட்டி வேற, சாமிக்குப் பொங்கல் வெக்கிற பானை வேற. அந்தப் புள்ளைக்குத் தனிப்பானை வாங்கு." அத்தோடு முடிந்தது.

வாங்குவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. யூதர் அல்லாதவரிடமிருந்து வாங்கிய உலோகப் பாத்திரமோ கண்ணாடிப் பாத்திரமோ யூதருக்குச் சொந்தமானால், பயன்படுத்தும் முன் அதை மிக்வே என்னும் சடங்கு நீர்த்தொட்டியில் முக்கியெடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பாத்திரம் என்னுடையதாகவே இருந்து அவள் இரவல் வாங்கிச் சமைத்தால் முக்க வேண்டியதில்லை. தோழி தன் காசில் வாங்குகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள், பிறகு அவளுக்கே இந்த விதி நினைவு வந்து விட்டுக்கொடுத்தாள். அதனால் லிட்டில் இந்தியாவில் ஆறு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, வாணலி ஒன்று, கரண்டி இரண்டு, எல்லாம் என் பெயரில். ஒட்டிய சீட்டைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்து அவள் எதிரிலேயே பிரித்தேன்.

கத்தியை மறந்துவிடாதீர்கள். வெள்ளரி, ஆப்பிள் போன்றவற்றைச் சுத்தமான கத்தியால் பச்சையாக நறுக்கினால் பெரிய தொல்லை இல்லை. வெங்காயம், பூண்டு, இஞ்சி போன்ற காரமானவை அப்படியில்லை. சூடே இல்லாமலும் கத்தியில் ஊறியிருப்பதை அவை இழுத்துக்கொள்ளும் என்பது விதி. நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் என்ன இருக்கிறது? அவள் தன் கத்தியையும் சிறிய வெட்டுப் பலகையையும் பெட்டியிலேயே கொண்டுவந்திருந்தாள். கோஷர் கடைப்பிடிக்கிறவர் பயணத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் எடுக்க முடியும் என்றால் கத்தியை எடுக்கட்டும் என்பேன்.

எரிவாயு அடுப்பின் கம்பித் தட்டை, மேலே எதுவும் வைக்காமல் கால் மணி நேரம் பெருந்தீயில் காயவிட்டாள். அப்புறம் அடுப்பை அவள்தான் பற்றவைத்தாள். அவளுடைய அஷ்கெனாஸி (ஐரோப்பிய வழிவந்த யூதர்) வழக்கத்தில் யூதர் தீ மூட்டினாலே போதும், மற்றவர் கிளறலாம், இறக்கலாம். செபாரடி (ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழிவந்த யூதர்) வழக்கத்தில் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதும் யூதராக இருக்க வேண்டும். உங்கள் நண்பர் எந்த வழக்கம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எதுவானாலும் சமையல் முடியும்வரை அவர் கூட இருக்க வேண்டும். எங்களுக்கு அது நிபந்தனையாகவே தெரியவில்லை. இரண்டு பேரும் சமையலறையில் நின்று பேசிக்கொண்டே சமைத்த நேரம்தான் அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்குப் பிடித்த நேரம்.

அரிசியையும் துவரம்பருப்பையும் வெள்ளைத் தட்டில் பரப்பிப் பூச்சி பார்த்தாள். முறத்தில் அரிசி புடைத்த என் அப்பத்தாவுக்கு அவளை மிகவும் பிடித்திருக்கும். கறிவேப்பிலையை ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பார்த்தாள். கீரை, காலிஃபிளவர் பக்கமே போகவில்லை, அவற்றில் பூச்சியைத் தேடி எடுப்பது கடினம். எண்ணெய் மட்டும் கோஷர் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். வட்டத்துக்குள் யூ என்ற ஆங்கில எழுத்து இருக்கும் முத்திரை பரவலாகக் கிடைக்கிறது. நம் ஊர்ப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவம் என்றுதான் சொல்லும், கோஷர் என்று சொல்லாது. நெய், பால், தயிரை முழுக்க விட்டுவிட்டோம். அதனால் ஒரு பாத்திரமே போதுமானது. இல்லாவிட்டால் பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும்.

முதல் நாள் செய்தது எங்கள் கொங்குப் பக்கத்து அரிசியும் பருப்பும். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள்தூள் எல்லாம் ஒரே பாத்திரத்தில். தட்டுக்கு என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வாழை இலை இருக்கிறதே. எல்லாருக்கும் ஒரே பானையிலிருந்து அம்மா பரிமாறினார். அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளி இரவுக்கும் சனிக்கிழமைக்கும் மட்டும் எங்கள் வீடு தோற்றது. ஷப்பாத் என்னும் யூதர்களின் வாராந்தர ஓய்வு நாள் தொடங்கிவிட்டால் தீ மூட்டக்கூடாது, வண்டி ஏறக்கூடாது, காசைத் தொடக்கூடாது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறையும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து தொழுகைக்கூடத்துக்கு நடந்து போக முடியாது. அதனால் அந்த ஓர் இரவு வாட்டர்லூ ஸ்திரீட்டுக்குப் பக்கத்தில் விடுதி அறை எடுத்தாள், சாப்பாட்டுக்கு முன்பே பணம் கட்டிவிட்டாள். இதில் நான் மாற்றுக்கருத்து சொல்ல மாட்டேன்.

பராமரிப்புதான் பலருக்கும் தோன்றாத விஷயம். அவள் இருந்த நாட்களில் பாத்திரத்தை எங்கள் தொட்டியில் போடாமல் தனி வாளியில், புது நாரால் கழுவினோம். அவள் போன பிறகு? அவசரத்துக்கு யாராவது எடுத்துச் சாம்பார் வைத்துவிட்டால் எல்லாம் வீண், பார்த்தாலும் தெரியாது. என் வார்த்தையை அவள் நம்புவாள், ஆனால் சட்டத்துக்கு அடையாளம் வேண்டும். கிளம்புவதற்கு முந்தின இரவு பாத்திரம், வாணலி, கரண்டி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, டேப்பும் பெட்டியும் சேரும் இடத்தில் எபிரேய எழுத்தில் கையெழுத்திட்டாள். யாராவது பிரித்தால் கையெழுத்து கிழியும்.

பெட்டி எங்கள் ஸ்டோர் ரூமில் மேல்தட்டில் இருக்கிறது. அம்மா அதன் மேல் பழைய துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறார். தூசி துடைக்கும்போதெல்லாம் டேப் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள எப்ப வருதாம்?" என்று கேட்கிறார்.