யூவெர்ஷன் வேதாகமச் செயலி: கீழ்ப்படிதல் பாடத்துக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் தமிழ் செல் குரூப் (வேதம் வாசிக்கும் சிறு சபைக் குழு) நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறோம். யூவெர்ஷன் 2008-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த லைஃப்.சர்ச் என்ற சபை வெளியிட்ட வேதாகமச் செயலி. காசு வாங்குவதில்லை, விளம்பரமும் இல்லை. விசுவாசமும் உடனடிக் கீழ்ப்படிதலும் என்ற ஒரே பாடத்துக்கு இது உதவுமா என்று மட்டும் பார்க்கிறோம்.

பதிப்புகளை ஒப்பிடும் வசதி ஒன்றுக்காகவே இதைப் போனில் வைத்துக்கொள்ளலாம். யோவான் 3:36-ஐத் திறங்கள். தமிழ்ப் பழைய திருப்புதலில் (பழைய மொழிபெயர்ப்பில்) "குமாரனை விசுவாசியாதவனோ ஜீவனைக் காண்பதில்லை" என்றிருக்கும். வசனத்தைத் தொட்டு ஆங்கில இ.எஸ்.வி. (இங்கிலிஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) பதிப்போடு ஒப்பிட்டால், அங்கே குமாரனுக்குக் "கீழ்ப்படியாதவன்" என்ற பொருளில் வந்திருக்கும். தவறு யார்மேலும் இல்லை. கிரேக்கத்தில் முதல் பாதியின் சொல் 'பிஸ்தெவோன்', நம்புகிறவன். இரண்டாம் பாதியில் 'அப்பெய்தோன்', இணங்க மறுக்கிறவன். நம்புகிறவனுக்கு எதிரே யோவான் நிறுத்துவது இணங்காதவனை. நம்பிக்கை வேறு, கீழ்ப்படிதல் வேறு என்று குரூப்பில் யாராவது வாதாடினால் இந்த ஒரு வசனத்தை முன்னால் வையுங்கள்.

தமிழ் நன்றாகப் பேசியும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு பெரிய உதவி. கொம்யூட்டர் ரயிலில் செந்தூலிலிருந்து கேஎல் சென்ட்ரல் வருவதற்குள் ஓர் அதிகாரம் கேட்டுவிடலாம். 176 வசனமுள்ள சங்கீதம் 119 மட்டும் விதிவிலக்கு. அதில் 60-ஆம் வசனத்தின் "தாமதியாமல் தீவிரித்தேன்" இளையவர்களுக்குப் புரியாது. 'விரைந்தேன்' என்று சொல்லிக்கொடுங்கள், அல்லது எளிய பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

செயலி சறுக்குவது, தினம் ஒரு வசனத்தைக் காட்டும் 'அன்றைய வசனம்' பகுதியில். தனியாக வந்து விழும் வசனம் அவசரத்தைக் கீழ்ப்படிதலாகக் காட்டிவிடும். அதே சங்கீதத்தில் முந்தின வசனம் வழிகளைச் சிந்தித்ததைச் சொல்கிறது. விரைவு அதற்குப் பிறகுதான். 1 சாமுவேல் 13-ல் சவுல் ஏழு நாள் காத்திருந்தும், சாமுவேல் வருமுன்னே பலியைச் செலுத்தி மாட்டிக்கொள்கிறார். அங்கே காத்திருப்பதுதான் கீழ்ப்படிதல். ஆகவே அன்றைய வசனத்தோடு நிற்காமல் அதிகாரம் முழுவதையும் திறக்கச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் விடாமல் வந்தீர்கள் என்று காட்டும் தொடர்நாள் கணக்கும் அப்படித்தான். செயலியைத் திறந்ததை எண்ணும், செய்ததை எண்ணாது. நூறு நாள் விடாமல் வாசித்தவர் அண்ணனோடு பேசாமலே இருக்கலாம்.

இதைச் சரிக்கட்ட, நண்பர்களோடு சேர்ந்து வாசிக்கும் திட்டத்தைப் பயன்படுத்துங்கள். நான்கைந்து பேர் போதும், ஏழு நாளுக்கு மேற்பட்ட திட்டம் வேண்டாம். தினமும் கருத்துப் பகுதியில் ஒரே வரி: என்ன, யாரிடம், எத்தனை மணிக்குள். "கர்த்தர் பேசினார், ஆமென்" என்பது கணக்கில் வராது. சகோதரனோடு முதலில் ஒப்புரவாகச் சொல்லும் வசனத்தை வைத்து, "மத்தேயு 5:23-24. அண்ணனுக்கு இன்றிரவு 9 மணிக்குள் போன்" என்பது வரும். "வாங்கின 50 ரிங்கிட்டை மதியத்துக்குள் திருப்புகிறேன்" என்பதும் வரும். ஒரு நாளைக்கு ஒரு காரியத்துக்கு மேல் எழுதவிடாதீர்கள்; மூன்று எழுதினால் சுலபமானது மட்டும் நடக்கும். மறுநாள் தலைவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: செய்தாயிற்றா? பாவ அறிக்கையை மட்டும் அங்கே எழுத வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஒரு விரல் போதும்.

நினைவூட்டலைக் காலை ஆறு மணிக்கு வைப்பவர்கள் அதிகம். தேவன் சொன்னதைச் செய்ய ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டினார்தான் (ஆதியாகமம் 22:3). ஆனால் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலுக்கு முன்னால் கிளம்ப வேண்டியவர் அந்த நினைவூட்டலை ஒரே தட்டில் தள்ளிவிடுவார். மதிய உணவு நேரம் நல்லது, செய்து முடிக்க அரை நாள் மிச்சமிருக்கும்.

ஒப்பிடுதலுக்கும் ஒலிக்கும் ஐந்துக்கு நாலரை தரலாம். தமிழ் வாசிப்புத் திட்டங்களுக்கு இரண்டரைதான்: ஆங்கிலத்தைவிட எண்ணிக்கை குறைவு, மொழிபெயர்ப்பு வாடையும் அடிக்கிறது. திட்டத்தின் தியான உரையைத் தாண்டிவிட்டு, வசனப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்கத்தை நீங்களே தமிழில் சொல்லுங்கள்.