கலாக்டிகாவைத் தனியாகப் பார்க்காதீர்கள்

இயந்திரங்களிடம் உலகத்தை இழந்து விண்வெளியில் தப்பி ஓடும் மனிதர்களைப் பற்றி 2004இல் வந்த ‘பாட்டில்ஸ்டார் கலாக்டிகா’ நல்ல தொடர் என்று சொல்ல இனிமேல் நான் தேவையில்லை, இருபது வருடமாக ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. அதைத் தொடுவதற்கு முன்னால், ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ பார்த்துவிடுங்கள், ஏழு சீசனும் முடியாவிட்டால் கடைசியில் சொல்கிற சில எபிசோடுகளையாவது. ஒன்று 1999இல் முடிந்தது, இன்னொன்று 2003 டிசம்பரில் மினி சீரிஸாக ஆரம்பித்தது, சேனல் வேறு, உலகம் வேறு. ஆனால் முதல் தொடரில் பாதியில் நின்ற வாக்குவாதம்தான் இரண்டாவதில் தொடர்கிறது. (இரண்டு கதைகளும் இங்கே உடையும், ஸ்பாய்லர் ஆகாதவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம்.)

இரண்டுக்கும் பாலம் ரொனால்ட் டி. மூர். டீப் ஸ்பேஸ் நைனில் பல வருடம் எழுதினார், அது முடிந்ததும் ‘வாயேஜர்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் குழுவுக்குப் போய் கொஞ்ச நாளிலேயே வெளியே வந்துவிட்டார். அப்புறம் 1978ஆம் வருடத்து பழைய கலாக்டிகா தொடரைத் தூசு தட்டிப் புதிதாக எடுத்தார். டேவிட் வெடில், பிராட்லி தாம்ப்சன், மைக்கேல் டெய்லர் என்று பழைய எழுத்தாளர்களும், விஷுவல் எஃபெக்ட்ஸ் பார்த்த கேரி ஹட்ஸலும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். டைட்டில் கார்டை நிறுத்திப் பார்த்தாலே இந்த உறவு தெரிந்துவிடும், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சுவாரஸ்யம் எழுத்தில்தான் இருக்கிறது.

1997இல் மூர் எழுதிய ‘ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்’ எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். டீப் ஸ்பேஸ் நைன் நிலையம் எதிரி கையில் இருக்கிறது. நிலையத்தின் இரண்டாவது அதிகாரியான மேஜர் கீரா, பேஜோர் இனத்துக்காரி, காலையில் எழுகிறாள், தயாராகிறாள், எதிரிப் படையினர் நடமாடும் இடத்துக்கு நடுவிலேயே வேலைக்குப் போகிறாள். ஒரு சண்டை இல்லை, ஒரு வசனம்கூடப் பெரிதாக இல்லை, வெறும் தினசரி வாழ்க்கை. அவள் இனத்துப் பெண் துறவி ஒருத்தி இதை எதிர்த்துப் போராட்டம் நடத்தப் போகிறேன் என்று வரும்போது, வேண்டாம், பொறுமையாக இருங்கள் என்று கீராதான் தடுக்கிறாள். மறுநாள் அந்தத் துறவி எல்லார் கண் முன்னாலும் தானே தூக்குப் போட்டுக்கொள்கிறாள். அப்போதுதான் கீராவுக்கு உறைக்கிறது, இத்தனை நாளாகத் தான் எதிரிக்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று. சின்ன வயதில் ஆக்கிரமிப்பாளர்களுக்குக் குண்டு வைத்தவள் அவள்.

இப்போது கலாக்டிகாவின் மூன்றாவது சீசன், 2006 அக்டோபர். நியூ கேப்ரிகா என்ற வறண்ட கிரகத்தில் கூடாரம் போட்டுக் குடியேறிய மனிதர்களை, மனித உருவிலும் வரும் இயந்திர எதிரிகளான சைலான்கள் பிடித்து ஆள்கிறார்கள். கீராவுக்கு ஒரு எபிசோடில் வந்த அதே கேள்வியை இங்கே ஊருக்கே வைக்கிறார்கள். சைலான்களுக்காக வேலை செய்யும் மனிதப் போலீஸ் இருக்கிறது, அந்தப் போலீஸ் பயிற்சி முடிக்கும் விழாவில் உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு போய் வெடிக்கிற ஆளும் இருக்கிறான், அவனை அனுப்புகிறவர்கள் நாம் இரண்டு சீசனாக நேசித்த ஹீரோக்கள். ஈராக்கில் அமெரிக்கப் படை உட்கார்ந்திருந்த நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதைக் காட்டினார்கள்! சைலான்கள் இருக்கும் இடத்தில் அமெரிக்காவை வைத்துப் பார்க்கச் சொல்கிறது என்பது புரியாமல் யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது.

அதைவிட எனக்கு முக்கியம் அடுத்து வரும் ‘கொலாபரேட்டர்ஸ்’ எபிசோட். எல்லாரும் தப்பித்துக் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள், இப்போது துரோகிகளைப் பிடித்து ரகசியமாக விசாரித்து விண்வெளியில் தூக்கி எறிகிறது ஒரு சிறு கும்பல். ஆக்கிரமிப்பின்போது அதிபர் அலுவலகத்தில் வேலை பார்த்த கேட்டாவும் அதில் மாட்டுகிறான். எதிர்ப்புக் குழுவுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருந்ததே அவன்தான், ஆனால் யார் என்று வாங்கியவர்களுக்கே தெரியாது. தகவல் வைத்ததற்கு அடையாளம் நாய்க்குச் சாப்பாடு வைக்கும் கிண்ணம் என்று அவன் சொன்னதும், அந்தத் தகவலை எடுத்த டைரல் அதே கும்பலில் நிற்கிறான் என்பதால் உயிர் பிழைக்கிறான். அந்த ஒரு சொல் வாயில் வராமல் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். கீராவை முதலில் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி இரட்டிப்பாகக் குத்தும், ஏனென்றால் அங்கே ஒருத்தி தன்னைத்தானே விசாரித்துக்கொண்டாள், இங்கே அடுத்தவன் நியாயமில்லாமல் விசாரிக்கிறான்.

‘நம்மில் யார் எதிரி’ என்ற பயமும் டீப் ஸ்பேஸ் நைனிலிருந்துதான் வந்திருக்கிறது. 1996இல் வந்த ‘ஹோம்ஃப்ரண்ட்’, ‘பாரடைஸ் லாஸ்ட்’ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உருமாறும் எதிரிகள் பூமிக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை. நிலையத்தின் தலைவன் சிஸ்கோ. அவன் அப்பா சமையல்கட்டில் விரலை வெட்டிக்கொள்கிறார், மகன் காயத்தைப் பார்க்காமல் கத்தியில் ஒட்டியிருக்கும் ரத்தம் உருமாறுகிறதா என்று பார்க்கிறான். அப்பா அதைக் கவனித்துவிடுகிறார். பிறகு ஓர் எதிரி, நிலையத்து இன்ஜினியர் ஓ’பிரையன் முகத்தோடு வந்து உட்கார்ந்து, இந்த பூமியில் நாங்கள் மொத்தமே நாலு பேர்தான் என்று சிரிக்கிறான். கலாக்டிகா இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. உருமாறிக்குத் தான் யார் என்று தெரியும், கலாக்டிகாவின் விமானி பூமருக்குத் தான் சைலான் என்பதே தெரியாது. சோதித்துக் கண்டுபிடித்த விஞ்ஞானி பால்டரும் பயத்தில் நீ மனுஷிதான் என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறான்.

வாயேஜருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் அது எதிர்மறையான பங்கு. 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட ஒற்றைக் கப்பல், கையில் 38 டார்பிடோதான், வேறு கிடைக்காது என்று முதல் சீசனிலேயே சொல்கிறார்கள். ஏழு சீசனில் எவ்வளவு சுட்டார்கள் என்று ரசிகர்கள் எண்ணிப் பார்த்தார்கள், 38ஐ எப்போதோ தாண்டிவிட்டது. எவ்வளவு அடி வாங்கினாலும் அடுத்த வாரம் கப்பல் பளபளவென்று நிற்கும். கலாக்டிகா அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவே இல்லை. தண்ணீர் தீர்கிறது, விமானிகள் தீர்கிறார்கள், அதிபர் லாரா ரோஸ்லின் மிச்சமிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கையை வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். முதல் எபிசோடான ‘33’இல் முப்பத்து மூன்று நிமிடத்துக்கு ஒரு தாக்குதல், ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. அதன் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வர, பலகையில் ஒன்றைக் கூட்டுகிறார் பாருங்கள், அதற்கு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கொடுத்தது சரிதான்.

அதே காலத்தில் வந்த இன்னொரு விண்வெளி நிலையத் தொடரான ‘பாபிலான் 5’ஐ டீப் ஸ்பேஸ் நைன் காப்பியடித்ததா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. இரண்டிலும் டுகாட் என்ற மாதிரிப் பெயரில் ஓர் ஆள் இருப்பதை மட்டும் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

குறைகளும் கூடவே வருகின்றன. இரண்டு தொடரிலும் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கடைசியில் மறைந்துபோகிறார், அங்கே சிஸ்கோ, இங்கே விமானி ஸ்டார்பக். சிஸ்கோ போவதை ஏற்றுக்கொள்ள முடிகிறது, முதல் எபிசோடிலேயே அவனைக் காலத்துக்குக் கட்டுப்படாத கடவுள்கள் பிடித்துவிட்டார்கள். ஸ்டார்பக் விஷயத்தில் என்ன ஆனாள், யார் அவள் என்று ஒன்றும் சொல்லாமல் காற்றில் விட்டுவிட்டு, ஆழம் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று ஆரம்பத்தில் வாரா வாரம் எழுத்தில் போட்டார்களே, அந்தத் திட்டம் எங்கே என்று நான்காவது சீசன் முடிந்த பிறகும் தேடலாம்.

பார்க்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. டீப் ஸ்பேஸ் நைன் இன்னும் முழுசாக எச்டிக்கு மாற்றப்படவில்லை, பெரிய டிவியில் மங்கலாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். கலாக்டிகாவின் டைட்டில் இசையில் காயத்ரி மந்திரம் வரும், முதல் தடவை கேட்கும்போது காது நிமிரும். ஆனால் அதற்கு அடுத்து டிரம்ஸ் அடிக்கும்போது அந்த எபிசோடின் முக்கியக் காட்சிகளையே வேகமாக ஓட்டிக் காட்டிவிடுவார்கள், அந்த இடம் வந்ததும் தாண்டிவிடுங்கள். ‘பிளாக் மார்க்கெட்’ எபிசோடையும் தாராளமாகத் தாண்டலாம்.

நேரமில்லாதவர்கள் டீப் ஸ்பேஸ் நைனில் ‘டூயட்’, ‘ஹோம்ஃப்ரண்ட்’, ‘பாரடைஸ் லாஸ்ட்’, ‘ராக்ஸ் அண்ட் ஷோல்ஸ்’, ‘இன் தி பேல் மூன்லைட்’ ஐந்தையும் இந்த வரிசையில் பாருங்கள். அப்புறம் கலாக்டிகா. ஆனால் நேராக ‘33’க்குப் போய்விடாதீர்கள், 2003 மினி சீரிஸ்தான் உண்மையான ஆரம்பம், ஓடிடியில் அதைத் தனித் தலைப்பாக எங்காவது போட்டிருப்பார்கள், தேடி எடுங்கள்.