காலையில் ஆபரேஷன், பொழுதோட நடை

போன மாதம் அம்மாவுக்கு ஈரோட்டில் வலது முழங்கால் மூட்டு மாற்றினோம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. நான் எழுத வந்தது அந்த மருத்துவமனையின் பிசியோதெரபி பற்றி. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். பொழுதோட ஐந்து மணிக்கெல்லாம் ஒரு பெண் வாக்கரோடு வந்து நின்றார். அம்மா மிரண்டுபோய், "ஏனுங் அம்மிணி, காத்தாலதானுங்க அறுத்தீங்க, அதுக்குள்ளார நடக்கச் சொல்றீங்க?" என்றார். அந்தப் பெண் அவசரப்படவில்லை. ஆபரேஷன் செய்த காலை நேராகத் தூக்கிக் காட்டச் சொன்னார். தொடை மரத்திருக்கும்போதே எழுப்பினால் முழங்கால் மடங்கி ஆள் விழுந்துவிடுவாராம். பிபி பார்த்தார். காலைத் தொங்கப்போட்டுக் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார். தலை சுற்றவில்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் எழுப்பினார். நின்ற பிறகும் வாக்கரின் உயரம் சரியில்லை என்று பட்டனை அமுக்கி இரண்டு ஓட்டை இறக்கினார். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டுக்கு வர வேண்டுமாம். அன்றைக்கு ஆறு எட்டு வைத்தார், கதவு வரை. மறுநாள் காத்தால பாத்ரூமுக்கே நடந்து போனார்.

"ஒரு மாசம் கட்டிலை உட்டு எறங்காத" என்று சொல்லிக்கொண்டே வந்த பெரியம்மாவுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும் என்று அவருக்கும் பொறுமையாகச் சொன்னார்கள். பெரியம்மா பாசமாக முழங்காலுக்கு அடியில் வைத்த தலையணையையும் உருவிவிட்டார்கள். அப்படி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே பழகி, பிறகு நீட்ட வராது.

ஒரு நட்சத்திரம் எங்கே போனது? ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. பில்லில் மட்டும் அன்றைக்கும் பிசியோ கட்டணம் இருந்தது. கேட்டதும் கழித்துவிட்டார்கள், சரி. வீட்டில் செய்யக் கொடுத்த பயிற்சித் தாள் முழுக்க இங்கிலீஷ். அம்மாவுக்கு நான்தான் தமிழில் எழுதி ஒட்டினேன்.

இப்போது கைத்தடியோடு கட்டுத்தரை வரை போய் வருகிறார். தாழ உட்காரக் கூடாது என்பதால் பால் கறப்பது என் தலையில். எருமைதான் என் கையை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.