பழைய ரீஃபர் ரெயிலர் வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

2022 மார்ச்சில், கனடாவில் மிசிசாகாப் பக்கம் ஒரு யார்ட்டில் 53 அடி ரீஃபர் ரெயிலர் ஒன்றை, அதாவது சரக்கைக் குளிராக வைத்திருக்கும் லொறிப் பெட்டியை, 34,000 டொலருக்கு வாங்கினேன். 2013ஆம் ஆண்டு ரெயிலர். அதே வருஷம் ஜூலையில் அதற்குள் ஏற்றிய பீச் பழம் ஒரு லோட் முழுவதின் நட்டமும் என் தலையில் விழுந்தது. கம்பனிக்கு ஓடுவதை விட்டுச் சொந்தமாக ஓடத் தொடங்கும் எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது பழைய ரீஃபர் தேடுகிறார்கள். எனக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது.

நான் பார்க்கப் போனபோது யூனிட், அதாவது ரெயிலரைக் குளிராக்கும் இயந்திரம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. விற்றவரும் தமிழர்தான். "அண்ணை, பாருங்கோ, 34இல போட்டு வைச்சிருக்கிறன், அப்பிடியே நிக்குது" என்று திரையைக் காட்டினார். உள்ளே ஏறினேன். குளிர் முகத்தில் அடித்தது. கூரையோடு குளிர்காற்றைக் கொண்டுபோகும் துணிக்குழாய் புதிது, சுவரெல்லாம் கழுவிப் பளிச்சென்று இருந்தது, வருடாந்த சேஃப்டி ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு வெளியே 2 பாகை செல்சியஸ். 34 ஃபாரன்ஹீட் என்றால் ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ். வெளிக்காற்றைவிட ஒரேயொரு பாகை குறைவாக வைத்திருந்ததைத்தான் அவர் எனக்குக் காட்டினார். இது என் மண்டையில் ஏற நாலு மாதம் எடுத்தது.

சேஃப்டி ஸ்டிக்கர் பிரேக், சக்கரம், அடிச்சட்டம், லைட் இவற்றுக்குத்தான். யூனிட் குளிராக்குகிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் லெமிங்டன் கண்ணாடி வீடுகளில் விளையும் தக்காளியும் குடைமிளகாயும் ஏற்றி ஒஹாயோவுக்கு ஓடினேன். அவை 50 பாகை ஃபாரன்ஹீட்டை ஒட்டிக் கேட்கிற சாமான்கள். ஒரு பிரச்சினையும் வரவில்லை. நல்ல ரெயிலர் கிடைத்துவிட்டது என்று வீட்டிலும் சொன்னேன்.

ஜூலையில் ஜோர்ஜியா மாநிலம் ஃபோர்ட் வலியில் 22 பலட் பீச் ஏற்றினேன். சரக்குப் பில்லில் 33 பாகை ஃபாரன்ஹீட், யூனிட் நிறுத்தாமல் தொடர்ந்து ஓடவேண்டும் என்று எழுதியிருந்தது. ஏற்றும்போது மூன்று பழத்தில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன், 34 காட்டியது. அதையும் பில்லில் எழுதினேன். வெளியே 95 பாகை வெயில். டென்னசி தாண்டும்போது திரையில் 38. கென்டக்கியில் 41. வழியில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு யூனிட்டுக்குக் குளிராக்கும் காஸ் அடித்ததும் 37க்கு இறங்கியது. ஒஹாயோ முடிவதற்குள் திரும்பவும் ஏறிவிட்டது. விடியப்புறம் மூன்று மணிக்கு ரொறன்ரோவின் மொத்த மரக்கறி, பழச் சந்தையான ஒன்ராறியோ ஃபுட் டேர்மினலில் கதவைத் திறந்தால் பின்பக்கப் பலட்டில் பழத்துக்குள் 46, முன்பக்கத்தில் 39. பீச்சுக்கு இதைவிடக் கெட்ட இடம் இல்லை. உறைநிலையை ஒட்டி வைத்தால் தாங்கும். 36 முதல் 46 பாகை வரையான இடைவெளியில்தான் சதை மாவாகிச் சாறு வற்றிப் போகும். வாங்க வந்தவர் ஒரு பழத்தைப் பிளந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தச் சொன்னார்.

டீலரிடம் கொண்டுபோய் விட்டபோது மூன்று விஷயம் வெளியே வந்தது. ஒன்று, உள்ளே இருக்கும் குளிர்க் கொயிலில் கசிவு. விற்பதற்கு முதல் காஸ் நிரப்பி விட்டிருக்கிறார்கள். இரண்டு, திரையில் 9,200 மணித்தியாலம் ஓடியதாகக் காட்டிய யூனிட், சீரியல் நம்பரை வைத்துத் தேடினால் முன்பே 21,000 மணிக்கு சேர்விஸ் செய்யப்பட்டிருந்தது; கொன்ட்ரோலரை மாற்றியதும் கணக்கும் மாறிவிட்டது. மூன்றாவதுதான் என்னை உடைத்தது. சுவரின் அடிப்பகுதியில் ஒரு துண்டை வெட்டி உள்ளே இருந்த, சூடு புகாமல் தடுக்கும் ஃபோமை எடுத்து என் கையில் தந்தார்கள். பெருவிரலால் அமத்தினேன், தண்ணீர் முழங்கைவரை வழிந்தது. ஃபோர்க்லிஃப்ட் இடித்த ஓட்டைகளைத் தகடு வைத்து மூடியிருக்கிறார்கள். அதற்கு முதல் வருஷக்கணக்காகக் கழுவின தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கொயிலை மாற்றலாம். நனைந்த ஃபோமை ஒன்றும் செய்யமுடியாது.

இன்சூரன்ஸில் ரீஃபர் பழுதுக்கும் காசு கட்டியிருந்தேன். பராமரிப்புப் பதிவுகளைக் காட்டு என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு ஒயில் சேஞ்ச் பில் மட்டும். கிளெய்மை மறுத்துவிட்டார்கள். விற்றவரிடம் போனேன். "நீங்கள் பார்த்துத்தானே அண்ணை எடுத்தனீங்கள்" என்று, உள்ளது உள்ளபடி எடுக்கிறேன் என்று நான் கையெழுத்து வைத்த தாளைக் காட்டினார். பழக் காசில் மிச்சத்தை இன்னும் மாதாமாதம் கட்டுகிறேன்.

ஆகவே கேளுங்கள். விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், யூனிட்டை நிறுத்திக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி. சூடான ரெயிலரை நீங்களே ஸ்டார்ட் பண்ணி, கோடை வெயிலில், பூச்சியம் பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறியுங்கள். பிறகு யூனிட்டை நிறுத்தி, சாத்திய கதவோடு எவ்வளவு கெதியாகச் சூடு ஏறுகிறது என்றும் பாருங்கள். ஃபோமின் கதை அதில்தான் தெரியும். வெறும் ரெயிலரைத் தராசில் ஏற்றுங்கள். என்னுடையது அந்த மொடலுக்கு இருக்கவேண்டியதைவிட 1,400 இறாத்தல் கூட. அவ்வளவும் சுவருக்குள் நின்ற தண்ணீர். வெளியே ஒருவரை நிற்கவைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், கதவு ஓரத்து ரப்பர் சீலில் எங்கே வெளிச்சம் வருகிறதோ அங்கே சூடும் வரும். மணிக்கணக்கைத் திரையில் நம்பவேண்டாம். வாரத்துக்கு 40 மணி ஓடினாலே வருஷத்துக்கு 2,000க்கு மேல் வந்துவிடும். ஒன்பது வருஷ யூனிட் 9,000 காட்டினால் சந்தேகப்படுங்கள். அந்தந்த யூனிட் கம்பனியின் டீலரிடம் சீரியல் நம்பரைக் கொடுத்து, யூனிட்டில் பதிந்திருக்கும் தரவுப் பதிவையும் இறக்கித் தரச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கிற சில நூறு டொலரைக் கொடுங்கள்.

கலிபோர்னியாவுக்கு ஓடுகிற எண்ணம் இருந்தால் இன்னொன்று. அங்கே கார்ப் (அந்த மாநிலத்தின் காற்றுத்தரச் சபை) விதிப்படி யூனிட் எஞ்சினுக்கு ஏழு வருஷம் கடந்தால் கடுமையான புகைக் கட்டுப்பாடு உண்டு, ஒன்ராறியோ பிளேட் என்றாலும் விடமாட்டார்கள். "எல்லா இடமும் போகும்" என்ற வாய்ப்பேச்சை விட்டு, அந்த யூனிட்டின் கார்ப் பதிவு நம்பரைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அநேகமாக ஸ்காபரோவில் வீட்டில்தான் நிற்பேன். ரொறன்ரோவைச் சுற்றி யாராவது ரெயிலர் பார்க்கப் போவதானால் ஒரு சொல் சொல்லுங்கள். வெப்பமானியோடு நானும் வருகிறேன்.