மாற்றுச் சிறுநீரகத்தில் குழாய் சுருங்கினால்: பலூனா, அறுவையா?

மாற்றுச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டுபோகும் குழாய் சுருங்கினால் பெரும்பாலும் வலிக்காது. மாற்றிய சிறுநீரகத்தின் நரம்புகள் அறுந்தவை. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறும், ஸ்கேனில் சிறுநீரகம் வீங்கித் தெரியும். அப்புறம் இரண்டு வழி.

பலூன் என்றால், தோல் வழியாக உள்ளே போய்க் குறுகிய இடத்தை விரித்து, சில வாரங்களுக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் மெல்லிய குழல்) வைப்பார்கள். உடம்புக்குச் சுமை குறைவு. சுருக்கம் 1 செ.மீ.க்குள், புதிதாக இருந்தால் முதலில் இதையே முயலலாம். ஆனால் மறுபடி சுருங்கக்கூடும்.

அறுவை பெரிய வேலைதான். பழைய தழும்புத் திசுவுக்குள் குழாயைத் தேடிப் பிரிக்க வேண்டும். ஆனாலும் நீளமான சுருக்கத்துக்கும், பலூன் பலிக்காதபோதும் இதுவே நிலைக்கும். ரத்த ஓட்டம் குறைந்து கெட்ட பகுதியை நீக்கி, நல்ல பகுதியைச் சிறுநீர்ப்பையில் புதிதாக இணைப்பார்கள். நீளம் போதாவிட்டால் நோயாளியின் சொந்தச் சிறுநீர்க்குழாயே கைகொடுக்கும். பலூனை மூன்றாம் முறை, நான்காம் முறை என்று இழுத்தடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.