ஓடிடி காலத்தில் டிஸ்க் சேர்ப்பவனின் அனுபவம்

ஓடிடியா டிஸ்க்கா, எதில் தரம் கூடுதல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கேட்பது அதைத்தான். படத்திலும் ஒலியிலும் டிஸ்க்தான் மேல். ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை கிடைக்கிறது. 4கே டிஸ்க்கில் மொத்தமாக நூறைத் தாண்டியும் போகலாம். ஓடிடியில் 4கே என்று போட்டிருந்தாலும் வந்து சேர்வது பெரும்பாலும் 15, 20 என்ற கணக்குதான். பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளில் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மழை, புகை, இருட்டு என்று வந்துவிட்டால் உடனே தெரியும். நிழல் பகுதி கட்டம் கட்டமாக உடையும். பழைய ஃபிலிமுக்கே உரிய க்ரெயின் என்னும் பொடிப் புள்ளிகள் எல்லாம் மறைந்து, நடிகர்களின் முகம் மெழுகு பூசினாற்போல் வழவழவென்று ஆகிவிடும்.

ஆனால் இதற்காக மட்டும் யாரும் அலமாரி நிறைய டிஸ்க் சேர்க்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியாத படங்களுக்காகத்தான் நான் சேர்க்கிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால், என் அலமாரியில் அதிக மதிப்புள்ளவை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வெளிநாட்டுப் பெட்டிகள் அல்ல. ஓரம் மஞ்சளித்துப்போன தமிழ் விசிடிகள்தான்.

விசிடியின் தரத்தை யாரும் புகழ முடியாது. 352க்கு 288 புள்ளி, அவ்வளவுதான். ஒரு டிஸ்க்கில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடங்கும். அதனால் நம் படங்கள் இரண்டு, மூன்று டிஸ்க்காக வந்தன. 2007 வாக்கில் டிஸ்க் தயாரித்த மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. பர்மா பஜார் திருட்டு டிஸ்க் விலையோடு நேருக்கு நேர் மோதுகிற விலை. மளிகை வாங்கப் போனவர்கள்கூட ஒரு சிவாஜி படத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்த காலம் அது. கருப்பு வெள்ளைப் படங்கள், எண்பதுகளின் சின்ன பட்ஜெட் படங்கள் எல்லாம் அந்த அலையில்தான் டிஸ்க்குக்கு வந்தன.

வந்த விதம் வேறு கதை. என்னிடம் எழுபதுகளின் சினிமாஸ்கோப் படம் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். டைட்டில் ஓடும்போது எழுத்துகள் எல்லாம் ஒடுங்கி, நடிகர்கள் ஒட்டடைக்குச்சி உயரத்துக்கு நீண்டு நிற்பார்கள். டைட்டில் முடிந்த மறு நொடி படம் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிடும். ஸ்கோப் படத்தைப் பழைய டிவி அளவுக்கு வெட்டினால் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் போய்விடும். கதாநாயகன் இடது ஓரம், அம்மா வலது ஓரம், நடுவில் காலி நாற்காலி. இருவரும் பேசுவது கேட்கிறது, திரையில் தெரிவதோ நாற்காலி மட்டும். அதன் கீழே நிறுவன முத்திரை, பாட்டு வந்தால் தொலைபேசி எண். 1973-ல் ராஜராஜ சோழன் படத்தோடு தமிழுக்கு வந்த சினிமாஸ்கோப் அகலத்திரையை டிஸ்க்கில் இந்த லட்சணத்தில்தான் பல படங்களுக்குப் பார்த்தோம்.

இருந்தும் அந்த டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை. அதே படம் யூடியூபில் இருக்கிறது, ஆனால் அதுவும் இந்த டிஸ்க்கின் நகல்தான். மூலையில் உள்ள முத்திரையே சாட்சி. நல்ல பிரதி வேறெங்காவது வெளிவரும்வரை இதுதான் கதி. வீடு, சந்தியா ராகம் போன்ற தன் படங்களின் நெகட்டிவே இல்லை என்று பாலு மகேந்திராவே மேடையில் வருந்திச் சொன்னார். வீடு 1988-ல் வந்து தேசிய விருது வாங்கிய படம். அதற்கே இந்த நிலை என்றால், விருதும் பெயரும் இல்லாத நூறு படங்களை யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

இதற்கு நேர் எதிர் உதாரணமும் அதே அலமாரியில் இருக்கிறது. சத்யஜித் ரேயின் அப்பு படங்கள் மூன்றும் அடங்கிய, க்ரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெட்டி. 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்து அந்த நெகட்டிவ்கள் கருகின. கருகியது போகட்டும் என்று விடாமல் அமெரிக்காவில் பத்திரப்படுத்தினார்கள். பிறகு இத்தாலியின் பொலோன்யாவில் சுருளை மீண்டும் இளக்கி, ஓரங்களை ஒட்டித் தைத்து, மிஞ்சியதை எல்லாம் ஸ்கேன் செய்து, இல்லாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைத் தேடி, 2015-ல் வெளியிட்டார்கள். காசிப் படித்துறைக் காட்சியில் தண்ணீரின் மினுமினுப்பு வரை தெரிகிறது. அற்புதமான பெட்டிதான். ஆனால் என் பெட்டி நாளை காணாமல் போனாலும் அந்தப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

இறக்குமதி டிஸ்க்கில் இறங்குபவர்கள் ரீஜியன் விஷயத்தை, அதாவது எந்த நாட்டு டிஸ்க் எந்த ப்ளேயரில் ஓடும் என்ற பிரிவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இந்தியாவுக்கு டிவிடியில் 5, ப்ளூரேயில் சி. அமெரிக்க ப்ளூரே ஏ, பிரிட்டிஷ் ப்ளூரே பி. எல்லாவற்றையும் ஓட்டும் ப்ளேயர் இல்லையென்றால் டிஸ்க் வெறும் தட்டுதான். 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. ப்ளேயர் கிடைப்பதும் வர வரச் சிரமமாகிறது. ஒப்போ 2018-லும், சாம்சங் 2019-லும், எல்ஜி 2024-லும் கையைக் கழுவிவிட்டன. ஓடுகிற ப்ளேயர் வைத்திருப்பவர்கள் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை என்றால், அமெரிக்காவில் க்ரைட்டீரியன் பாதி விலைக்கு வரும் மாதங்கள் உண்டு. அப்போது வாங்கி உறவினர் பெட்டியில் வரவழைப்பதுதான் எனக்குக் கட்டுப்படியாகிறது. இங்கிருந்து அப்பளம் போகும், அங்கிருந்து படம் வரும். தபாலில் வரவழைத்தால் சுங்க வரி வேறு.

எதை வாங்குவது என்பதைத் திரைப்பட விழாக்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன. கோவா விழாவில் ஏற்பாடு எல்லாம் பளபளப்பு, ஆனால் சிவப்புக் கம்பளத்துக்குக் கொடுக்கும் கவனம் கொஞ்சம் அதிகம். என் ஓட்டு திருவனந்தபுரத்துக்கு. டிசம்பரில் கைரளி, டாகூர் தியேட்டர் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே உற்சாகம் வந்துவிடும். 2013-ல் கொரிய இயக்குநர் கிம் கி டுக் வந்தபோது அங்கே நம்மூர் உச்ச நட்சத்திரத்துக்குக் கூடுகிற கூட்டம். முன்பதிவு கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களும் கடைசிவரை எழுந்திருக்க மாட்டார்கள். சென்னை விழாவும் அதே டிசம்பர்தான். நல்ல படங்களாகத்தான் வருகின்றன, ஆனால் சபா கேன்டீன் வரிசையில் பாதிகூட இங்கே நிற்பதில்லை. எனக்கென்ன, நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

எந்த விழாவானாலும் பழைய படங்களின் மீட்டெடுத்த பிரதிகளுக்கு முதலிடம் கொடுங்கள் என்பேன். புதுப் படங்கள் ஆறு மாதத்தில் எப்படியும் ஏதாவது ஓடிடிக்கு வந்துவிடும். அரவிந்தனின் தம்பு மாதிரி ஒன்று பெரிய திரையில் எப்போது மறுபடி கிடைக்கும்? 1978-ல் வந்த அந்த மலையாளப் படத்தை, பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அமைப்பு மீட்டெடுத்து, 2022-ல் கான் விழாவில் திரையிட்டது. அதைப் பற்றிப் படித்தபோது மலையாளிகள் மேல் பொறாமைதான் வந்தது.

சரி, பராமரிப்பு. சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து டிஸ்க்கை ஒரு வழி பண்ணிவிடும். வீட்டில் எழுதிய டிவிடிகள்தான் என்னிடம் முதலில் செத்தவை. கம்பெனியில் அச்சான டிஸ்க்குகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன, ஆனால் மேல்பக்கம் பூஞ்சை படரும், அட்டை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். மிருதுவான துணியில் லேசான சோப்புத் தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடு ஓடும், அப்புறம் படிப்பது கஷ்டம். பெட்டிகளை நிமிர்த்தி அடுக்கி, இடையிடையே சிலிக்கா ஜெல் பை போட்டு வைக்கிறேன்.

விசிடிகளைத் துடைத்த கையோடு கணினியில் ஏற்றி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனியாக வைக்கிறேன். சில இடங்களில் டிரைவ் கரகரவென்று திணறும். வேறொரு டிரைவில் போட்டால் அதே இடம் சுலபமாகப் படிப்பதும் உண்டு, அதனால் ஒரே முயற்சியில் கைவிடாதீர்கள். வரிசை என்று கேட்டால், ஓடிடியிலோ யூடியூபிலோ இல்லாத படத்துக்கு முதலிடம், முத்திரை போட்ட நகலாக மட்டும் இருப்பதற்கு இரண்டாமிடம். க்ரைட்டீரியன் பெட்டிகளை நான் நகலெடுப்பதே இல்லை.

கடைகள் மூடியபின் இப்போது விசிடி கிடைப்பது பழைய பேப்பர் கடைகளிலும் பிளாட்பாரங்களிலும்தான். விலை ஒன்றும் பெரிதில்லை. பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாதிப் பெட்டிகளில் இரண்டாவது டிஸ்க் இருக்காது, இருந்தாலும் அது வேறு படத்தின் இரண்டாவது டிஸ்க்காக இருக்கும்.